உங்க ஊர் சென்னையில் சேருமா, சேராதா?

தாம்பரத்தில் குடியிருப்பவரிடம் வெளியூரில் யாராவது "எந்த ஊர்?" என்று கேட்டால், "சென்னைதாங்க" என்பார். பின்கோடும் 600-ல்தான் தொடங்கும். ஆனால் சொத்து வரி கட்டுவது தாம்பரம் மாநகராட்சிக்கு, மாவட்டமோ செங்கல்பட்டு. அப்போ அவர் சென்னைவாசியா, இல்லையா?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஏனென்றால் ஒரு பெருநகருக்கு அரசு மூன்று விதமாக எல்லை வைத்திருக்கிறது.

மூன்று எல்லைகள்

• உள்ளாட்சி எல்லை: மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. வரி, குடிநீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் இதன்படிதான்.

• திட்டமிடல் எல்லை: சென்னைப் பெருநகரப் பகுதி முன்பு 1,189 சதுர கி.மீ. 2022 அக்டோபரில் 5,904 சதுர கி.மீ. ஆக விரிவாக்கி அரசு ஆணை வந்தது.

• கணக்கெடுப்பு எல்லை: மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக வகுக்கப்படுவது. இதன் பெயர் 'நகர்ப்புறத் திரள்'. ஆவணங்களில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் 'யு.ஏ.' என்று போட்டிருப்பார்கள்.

திரளை எப்படி முடிவு செய்கிறார்கள்?

ஒரு நகரமும் அதை ஒட்டி வளர்ந்த பகுதிகளும், அல்லது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பல நகரங்களும் சேர்ந்தால் அது திரள். 2011 கணக்கெடுப்பு விதிப்படி, அதில் ஒன்றாவது சட்டப்படி அறிவிக்கப்பட்ட நகரமாக இருக்க வேண்டும். மொத்த மக்கள்தொகை 2001 கணக்குப்படி 20,000-க்குக் குறையக் கூடாது.

வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 2011-ல் சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 46.5 லட்சம், சென்னைத் திரளுக்கு சுமார் 86.5 லட்சம். கோவை மாநகராட்சிக்கு சுமார் 10.5 லட்சம், திரளுக்கு சுமார் 21 லட்சம். இரண்டு கணக்கும் சரிதான். அளந்த எல்லைதான் வேறு.

பணமும் இதில் இருக்கு

மத்திய அரசு ஊழியர்களின் வீட்டு வாடகைப்படிக்கு, 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரம் 'எக்ஸ்' வகை. மாநகராட்சியை மட்டும் எண்ணியிருந்தால் 2011 கணக்கில் சென்னை அந்த வரம்பைத் தொட்டிருக்காது. திரளாக எண்ணியதால்தான் தொட்டது. 15-வது நிதிக்குழுவும் 10 லட்சத்துக்கு மேற்பட்ட திரள்களுக்குத் தனி மானியம் பரிந்துரைத்தது.

ஊராட்சியில் இருந்தும் 'நகரம்'

உங்க ஊர் இன்னும் ஊராட்சிதான், ஆனாலும் கணக்கெடுப்பில் நகரமாக இருக்கலாம். 2011-ல் இதற்கு மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர், ஒரு சதுர கி.மீ.க்கு 400 பேர். முதன்மைத் தொழிலாளர்களான ஆண்களில் 75 சதவீதம் பேர் விவசாயம் அல்லாத வேலையில். இதற்குப் பெயர் 'கணக்கெடுப்பு நகரம்'. தமிழ்நாட்டில் 2001-ல் 111 ஆக இருந்த இவை, 2011-ல் 376 ஆயின.

"அப்போ வரி ஏறிடுமா?" என்று பயப்பட வேண்டாம். கணக்கெடுப்பு நகரம் ஆனதால் மட்டும் ஊராட்சி பேரூராட்சியாக மாறிவிடாது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் ஊராட்சி அலுவலகத்துக்குத்தான். உள்ளாட்சி நிலை மாற மாநில அரசு தனியாக அறிவிக்கை வெளியிட வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

1. இணையத்தில் சொத்து வரி கட்டும்போதும் புகார் பதியும்போதும் பின்கோடை நம்பாதீர்கள். பழைய வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள்.

2. நகர மக்கள்தொகையை ஒப்பிடும்போது, அது மாநகராட்சிக் கணக்கா, திரள் கணக்கா என்று பாருங்கள். ஆண்டையும் கவனியுங்கள்.

3. 2027 கணக்கெடுப்பில் கைபேசிச் செயலி வழியாக விவரம் பதிவாகிறது. நீங்களே இணையத்தில் பதியவும் வசதி உண்டு. தொழில் பற்றிய கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லுங்கள். நிலம் இருக்கிறது என்பதற்காக, கம்பெனி வேலைக்குப் போகிறவரை 'விவசாயி' என்று எழுத வேண்டாம். அந்த 75 சதவீதக் கணக்கு இப்படி வீடு வீடாகச் சொல்லப்படும் பதில்களிலிருந்துதான் வருகிறது.