ஆட்டுக்கு முன் ஔடதம் எதற்கு?

12 உயிரெழுத்துகளையும் தலைகீழாக ஒப்பிக்கும் குழந்தையிடம் ஒரு கதைப் புத்தகத்தைக் கொடுத்துப் பாருங்கள். முழுதாகப் படிக்கக்கூடிய சொல் அதில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அளபெடையை விட்டுவிட்டால், உயிரெழுத்து தன் சொந்த உருவத்தில் சொல்லின் முதலில் மட்டுமே வரும். உயிரெழுத்தால் மட்டுமே ஆன சொற்களோ ஆ, ஈ, ஐ என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அரிச்சுவடிகள் ஔ-வுக்கு ஔடதத்தைப் பிடித்துப் போடுகின்றன. படத்தைப் பார்க்கும் பிள்ளை 'மருந்து' என்றுதான் சொல்லும். அதில் தப்பும் இல்லை.

ட, ப, ம, ர என நான்கே எழுத்துகளும் ஒரு புள்ளியும் தெரிந்தால் படம், மரம், மட்டம், பட்டம், ரம்பம், பம்பரம் எல்லாம் படிக்க வந்துவிடும். பம்பரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் ப-வில் தொண்டை அதிர்வதில்லை. ம்-ஐ அடுத்து வரும் ப-வில் அதிர்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. தமிழ் பேசி வளரும் குழந்தைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல் தெரிந்திருந்தால் நாக்கு தானாகத் திருத்திக்கொள்ளும். தெரியாத சொல்லானால் அந்த உதவி கிடைக்காது. முதல் புத்தகத்தில் பழகிய சொற்களே வேண்டும் என்பதற்கு இதுவே வலுவான காரணம்.

அமெரிக்கச் சிறார் எழுத்தாளர் டாக்டர் சூஸ் 1957-இல் எழுதிய 'தி கேட் இன் த ஹேட்' நூலில் வெவ்வேறு சொற்கள் 236 மட்டுமே. எழுத்தை நம்பி உச்சரிக்க முடியாத ஆங்கிலத்தில் சொல்லைக் கணக்கிடுவது சரிதான். நம் ஊரிலும் சொல் எண்ணிக்கையையும் வாக்கிய நீளத்தையும் பார்த்துச் சிறார் நூல்களைப் படிநிலை பிரிப்பதுண்டு. தமிழுக்கு அந்த அளவுகோல் போதாது. எண்ண வேண்டியது எழுத்துருவங்களை. 'கொக்கு' ஒரே சொல்தான். ஆனால் முதல் எழுத்திலேயே கண் ஒற்றைக்கொம்பை முதலில் பார்க்கிறது, வாயோ க்-இல் தொடங்குகிறது. அந்தக் கொம்போடு துணைக்காலையும் சேர்த்தால்தான் ஒகரம் கிடைக்கும். கடைசியில் வரும் 'கு'வின் வளைவு 'து'வுக்கோ 'பு'வுக்கோ பொருந்தாது.

1978-இல் தமிழக அரசு செய்த எழுத்துச் சீர்திருத்தம் னை, லை, றா போன்றவற்றின் தனி உருவங்களை நீக்கிப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை. கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, இத்தகைய எழுத்துமுறையைக் கற்றுத் தேற மூன்றாம், நான்காம் வகுப்புவரைகூட ஆகலாம் என்று காட்டுகிறது. ஒன்றாம் வகுப்பிலேயே 247 எழுத்தும் வந்தாக வேண்டும் என்று பெற்றோர் பதறத் தேவையில்லை.

அதற்காக மரம், படம், பட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனால் அது கதையாகாது, பட்டியல்தான். கதைக்கு ஆடு வேண்டும், மாடு வேண்டும், வீடும் சோறும் வேண்டும். இவையெல்லாம் உகரத்தில் முடிகின்றன. எனவே அட்டவணையின் வரிசை எப்படி இருந்தாலும், டு, து, று மூன்றையும் முதல் புத்தகத்திலேயே கொண்டுவந்துவிடலாம். கௌ எங்கும் போய்விடாது, கௌதாரி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.