பைபாஸுக்கு அந்தப் பக்கம்

சென்னையின் அயனம்பாக்கத்தில் குடியிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவருக்குக் குறுக்கே பைபாஸ் நிற்கிறது. நினைத்த இடத்தில் அதைக் கடக்க முடியாது. கடக்க வழியுள்ள இடம்வரை சுற்றித்தான் போக வேண்டும். காருக்கு ஒரு கிலோமீட்டர் சுற்று ஓரிரு நிமிடம். நடப்பவருக்கு 12 நிமிடம், அதுவும் வெயிலில்.

இப்படிப்பட்ட இடத்தில் எது நல்ல வழி என்று சொல்லும் செயலிகளின் ஆதாரக் கணக்கை 1956-இல் ஆம்ஸ்டர்டாம் காபிக்கடை ஒன்றில், தாளும் பென்சிலும் இல்லாமல், 20 நிமிடத்தில் யோசித்தவர் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. சந்திப்புகள் புள்ளிகள், தெருக்கள் கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் எடை. ஏரி மதகைத் திறந்தால் எல்லா வாய்க்காலிலும் தண்ணீர் பாய்வதுபோல, புறப்பட்ட புள்ளியிலிருந்து கணக்கு எல்லாத் திசையிலும் விரிகிறது. சேருமிடத்தை முதலில் தொடுவதே எடை குறைந்த வழி.

எனவே சூட்சுமம் எடையில்தான். மீட்டரை மட்டும் எண்ணினால் 700 மீட்டர் லாரிச் சாலை, 1,000 மீட்டர் உள்தெருவை வென்றுவிடும். சைக்கிள்காரரின் ஆபத்தைச் சேர்த்து, லாரிச் சாலையின் ஒவ்வொரு மீட்டரையும் இரண்டாக எண்ணுங்கள்: 1,400. இப்போது உள்தெருதான் சரியான வழி. அமெரிக்காவின் போர்ட்லண்டில் 2009-இல் தொடங்கிய ஓப்பன்டிரிப்பிளானர் மென்பொருள், வேகம், மேடில்லாத பாதை, பாதுகாப்பு ஆகிய மூன்றில் எது எவ்வளவு முக்கியம் என்று சைக்கிள் ஓட்டுபவரிடமே கேட்டது. சென்னையில் மேடு ஒரு பொருட்டே இல்லை. அந்த இடத்தில் நிழலை வைக்க வேண்டும் என்பேன்.

சைக்கிள் இந்த ஊருக்குப் புதிதல்ல: ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. சைக்கிள்களைத் தயாரித்த டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலை இருந்தது இதே அம்பத்தூரில். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி ஏற்றது 2014-இல். ஆனால் நடைபாதை எங்கே அறுந்துபோகிறது, எந்தத் தெருவில் விளக்கில்லை என்ற விவரம் வரைபடத்தில் ஏறாதவரை, எந்தச் செயலியும் காருக்குச் சொல்லும் வழியையே கொஞ்சம் மாற்றி நமக்கும் சொல்லும்.

அந்த விவரத்தை மக்களே திரட்ட முடியும் என்பதைச் சென்னை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில், யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தை அடிப்படையாகக் கொண்ட இணைய வரைபடம் ஒன்றில், நீர் தேங்கிய தெருக்களை மக்கள் ஒவ்வொன்றாகத் தொட்டுக் குறித்தார்கள். வெள்ளம் இல்லாத நாளிலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலேயே தெருவிளக்கு, நடைபாதை, சாலையின் தரம் ஆகியவற்றைப் பதிய இடமிருக்கிறது. அயனம்பாக்கத்தில் முதலில் பதிய வேண்டியவை, பைபாஸைக் கால்நடையாகக் கடக்க முடிகிற இடங்கள். அவற்றில் எவை மழைக்கு மூழ்கும் என்பதையும் சேர்த்துவிட்டால், ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கோடுகளின் எடையைக் கணக்கு தானே கூட்டிக்கொள்ளும்படி செய்யலாம்.