நீல நிறத்தில் ஒரு குட்டிப் பேய்

பேய்க்கதை கேட்ட குழந்தை ராத்திரி தூங்குமா? 2015-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'லியோ: எ கோஸ்ட் ஸ்டோரி' என்ற படக்கதைப் புத்தகத்தைத் தயங்காமல் படித்துக் காட்டலாம். எழுதியவர் மேக் பார்னெட். படங்கள் கிறிஸ்டியன் ராபின்சன். லியோ ஒரு குட்டிப் பேய். வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்குப் புதினாத் தேநீரும் தேன் தடவிய ரொட்டியும் எடுத்துவருகிறான். அவர்கள் கண்ணில் படுவதோ அந்தரத்தில் மிதந்துவரும் தட்டு மட்டும்! நடுங்கிப்போகிறார்கள். மனம் வாடி வெளியேறும் லியோவை ஜேன் என்ற சிறுமி பார்த்துவிடுகிறாள், விளையாடக் கூப்பிடுகிறாள். படங்கள் முழுக்க நீலச் சாயல், அதுவும் இருட்டைக் காட்டினாலும் மிரட்டாத நீலம். தான் பேய் என்பதை லியோ அவளிடம் எப்போது சொல்கிறான்? குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.