பெயரை ஊரறியச் சொல்லலாமா?

பேருந்தில் கூச்சலிட்டுப் பிறரைத் தொல்லைப்படுத்தும் மாணவர்கள், பொதுச் சுவரில் கண்டதைக் கிறுக்குவோர், திருவிழாக் கூட்டத்தில் பெண்களைக் கேலி செய்வோர் ஆகியோரைக் காணும்போது, "படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பு, அப்போதுதான் புத்தி வரும்" என்று நம்முள் யாரேனும் ஒருத்தி சொல்லாமல் இருப்பதில்லை. கைபேசி வந்த பிறகு அது ஒரு நொடி வேலை. முன்னாளில் தண்டோரா போட்டால் ஓர் ஊர்தான் கேட்கும். இன்று பரவிய படத்தையோ திரும்பப் பெற இயலாது. இம்முறை சரிதானா என்பதை உண்மையில் நடந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

2011-ஆம் ஆண்டு ஜூன் 15 அன்று கனடாவின் வான்கூவர் நகரில் ஸ்டான்லி கோப்பைக்கான ஐஸ் ஹாக்கிப் போட்டியின் ஏழாவது ஆட்டம் நடந்தது. உள்ளூர் அணியான கனக்ஸ், பாஸ்டன் அணியிடம் 4–0 என்ற கணக்கில் தோற்றது. தெருவில் பெரிய திரைகளில் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் ஒரு பகுதியினர் கார்களைக் கவிழ்த்துத் தீ வைத்தனர். கடைகளை உடைத்துக் கொள்ளையிட்டனர். 1994-இலும் அந்நகரில் இத்தகைய கலவரம் நடந்ததுண்டு. ஆனால் 2011-இல் பார்ப்பவர் கையிலெல்லாம் கேமரா இருந்தது. எரியும் காரின் முன்னே நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டவர்களும் உண்டு!

அன்றிரவே படங்கள் ஃபேஸ்புக்கில் குவிந்தன. யார் இவன், எந்தப் பள்ளி, தந்தை யார் என்று முன்பின் அறியாதவர்கள் தேடிக் கண்டுபிடித்து எழுதினர். போலீஸ் காரின் பெட்ரோல் தொட்டியருகே எரியும் துணியைப் பிடித்திருந்த 17 வயது மாணவன் ஒருவனின் படம் உலகெங்கும் சென்றது. அவன் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. 12 முதல் 17 வயது வரையுள்ளோர் மீது வழக்கு நடந்தால் அவர்கள் பெயரை வெளியிடக்கூடாது என்பது கனடாவில் 2003 முதல் நடைமுறையிலுள்ள இளையோர் குற்றவியல் சட்டத்தின் விதி. ஆயினும் வழக்குத் தொடங்குமுன்பே பெயர் வெளிவந்துவிட்டபடியால், சட்டம் காக்க வேண்டியதைக் காக்க இயலவில்லை. அவன் தானே போலீசாரிடம் சென்றான். தடையை நீக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்டுப் பெற்று, வெளிப்படையாக மன்னிப்பும் கேட்டான். அதன் பின்னும் மிரட்டல்கள் ஓயவில்லை. அவன் குடும்பத்தார் வீட்டை விட்டு வேறிடம் சென்று தங்க நேர்ந்தது. தீ வைக்க முயன்றவன் அவன். வீட்டை விட்டுப் போனவர்களோ அவனைப் பெற்றவர்களும் அல்லவா?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படம் எடுத்தது வீணாகவில்லை. பொதுமக்கள் போலீசாருக்கு அனுப்பிய படங்களும் பிறவும் பல மாதங்கள் ஆராயப்பட்டு, சுமார் 300 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆகவே படம் எடுப்பதா கூடாதா என்பதல்ல வினா. எடுத்த படம் யார் கைக்குப் போகிறது என்பதே வினா.

நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தில் 74-ஆம் பிரிவு, விசாரணையில் சிக்கிய 18 வயதுக்குட்பட்டவரின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகிய எதையும் பத்திரிகையிலோ வேறு எவ்வகைத் தகவல் சாதனத்திலோ வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு முடிந்த பின் நன்னடத்தைச் சான்றிதழுக்காகக்கூட அந்தப் பழைய பதிவைப் போலீசார் வெளியிடலாகாது. தவறு செய்தவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை என்று சிலர் குறைப்படுவதுண்டு. அது சரியன்று. பாதிக்கப்பட்ட சிறுமியையும், சாட்சி சொல்லும் சிறுவனையும் காப்பது இதே பிரிவுதான்.

"அப்படியானால் துன்பப்பட்டவள் வாயை மூடிக்கொள்வதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2020 மே மாதம் டெல்லியில் பள்ளி மாணவர்கள் சிலர் 'பாய்ஸ் லாக்கர் ரூம்' என்ற இன்ஸ்டாகிராம் குழுவில் மாணவியரின் படங்களை அவர்கள் அனுமதியின்றிப் பகிர்ந்து இழிவாகப் பேசியது வெளிப்பட்டது. அதை அம்பலப்படுத்தியவர்கள் பெண்களே. அவர்கள் சொல்லாதிருந்தால் போலீஸ் விசாரணை நடந்திருக்குமா என்பது ஐயமே. அந்தத் துணிவை நாம் குறை சொல்ல மாட்டோம்.

ஆனால் அதே வாரம், ஒரு பெண்ணைத் தாக்கத் திட்டமிடும் உரையாடல் ஒன்றும் அக்குழுவினுடையது என்று பரவிற்று. போலீசார் விசாரித்தபோது, அதற்கும் அக்குழுவுக்கும் தொடர்பில்லை என்றும், ஆண் பெயரில் அப்படி எழுதியது ஒரு சிறுமியே என்றும் தெரியவந்தது. அதற்குள் நாடே தீர்ப்பு எழுதிவிட்டது. அந்நாட்களிலேயே குருகிராமில், இன்ஸ்டாகிராமில் பெயரிட்டுக் குற்றம் சாட்டப்பட்ட 17 வயது மாணவன் ஒருவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். சாட்டப்பட்டது மெய்யா பொய்யா என்று விசாரித்துச் சொல்ல யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை. மெய்யாயிருந்தால் அந்தப் பெண்ணுக்கும் நீதி கிடைக்காமற் போயிற்று.

நம் எண்ணத்தில், பெண்கள் இணையத்தில் பெயரை எழுதும் நிலைக்குத் தள்ளப்படுவதற்குப் பெரியவர்களும் ஒரு காரணம். "வெளியே சொல்லாதே, பள்ளியின் பெயர் கெடும்" என்று புகாரை அமுக்குகிற இடத்தில் வேறு வழி என்ன இருக்கிறது? புகாரைக் கேட்டு, எழுதிக்கொண்டு, நடவடிக்கை எடுக்கும் ஓர் ஆசிரியை இருந்தாலே பாதிக்குமேல் தீர்ந்துவிடும். காலைக் கூட்டத்தில் ஒருத்தியைப் பெயர் சொல்லி எல்லார் முன்னும் நிறுத்திவைப்பதும் இவ்வகையே என்பதைப் பணிவுடன் சொல்லி வைக்கிறோம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் அடியை மட்டுமன்றி, மன வேதனை தரும் துன்புறுத்தலையும் தடை செய்திருக்கிறது.

இனி, அப்படி ஒரு படமோ செய்தியோ நம் கைக்கு வந்தால் என்ன செய்வது? அழித்துவிட வேண்டியதில்லை; அதுவே சாட்சியம். தேதியும் இடமும் குறித்து வைத்துக்கொண்டு, தோழியருக்கு அனுப்பாமல், பெற்றோரிடமோ ஆசிரியையிடமோ காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். வீட்டிலும் பள்ளியிலும் கேட்பாரில்லையென்றால் 1098 என்ற சிறார் உதவி எண் இருக்கிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.