பாடியவரே மறுபடி பாடினால்...

எனக்குப் பிடித்த பழைய பாட்டை யாராவது மறுபடி பாடினால் முதலில் எரிச்சல்தான் வரும். முதலில் பாடியவரே திரும்பப் பாடினாலும் அப்படித்தான். ஜப்பானிய பொப் பாடகர் ஹிகாரு உடாடா 2024 ஏப்ரலில் வெளியிட்ட ‘சயன்ஸ் பிக்சன்’ தொகுப்பையும் அந்தச் சந்தேகத்தோடுதான் கேட்கத் தொடங்கினேன்.

உடாடா 1983இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1998 டிசெம்பரில் ‘ஒட்டோமெட்டிக்’ பாடலுடன் அறிமுகமானபோது அவருக்கு வயது 15. அடுத்த ஆண்டு வந்த ‘பேர்ஸ்ட் லவ்’ அல்பம் ஜப்பானில் 70 இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அந்நாட்டில் இன்றுவரை அதிகம் விற்ற அல்பம் அதுதான். 25 ஆண்டு இசைவாழ்வையொட்டி வந்த ‘சயன்ஸ் பிக்சன்’ தொகுப்பில் 26 பாடல்கள் உள்ளன. அவற்றில் 3 பாடல்களை அவர் புதிதாகப் பாடியிருக்கிறார். 10 பாடல்கள் புதிதாக மிக்ஸ் செய்யப்பட்டவை.

இவை இரண்டும் ஒன்றல்ல. ‘ரீமிக்ஸ்’ என்றதும் பழைய சினிமாப் பாட்டுக்கு வேகமான தாளமும் இடையில் ராப்பும் சேர்ப்பதுதான் நமக்கு நினைவுக்கு வரும். இங்கே நடந்தது வேறு. ஒலிப்பதிவுக் கூடத்தில் குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனித் தடங்களில் பதிவாகின்றன. எது முன்னால் ஒலிக்க வேண்டும், எது அடங்கி ஒலிக்க வேண்டும், எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்று தீர்மானித்து அவற்றை ஒன்றுசேர்ப்பதே மிக்ஸிங். புதிய மிக்ஸ் என்றால் அந்தப் பழைய தடங்களையே எடுத்து அந்த அளவுகளை மாற்றி அமைப்பது. பாட்டைத் திரும்பப் பாடும்போதோ பழைய குரலே அங்கு இல்லை.

ஒரு குடும்பப் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே படத்தில் மங்கிப்போன முகங்களைத் தெளிவாக்கினால் அது மிக்ஸ். அதே ஆட்களை அதே இடத்தில் நிறுத்தி இன்று புதிதாகப் படம் எடுத்தால் அது மறு ஒலிப்பதிவு. நரைத்த தலையும் சேர்ந்தே வரும்.

உடாடா திரும்பப் பாடியவை ‘அடிக்டட் டு யூ’, ‘ட்ரவலிங்’, ‘ஹிகாரி’ ஆகிய மூன்றும். முதலாவது 1999இல் வந்தபோது அவருக்கு வயது 16. புதிய பதிவு வெளியானபோது 41. முதல்முறை கேட்டபோது அந்தப் பதின்ம வயதுக் குரலின் அவசரத்தையே என் காது தேடிற்று. கிடைக்கவில்லை. ஏமாற்றமாக இருந்தது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. பழையதில் ஒரு பிள்ளை தன் ஆசையைச் சொல்கிறது. புதியதில் அந்தப் பிள்ளையை நன்கு தெரிந்த ஒருவர் அதே ஆசையை நினைவுபடுத்திச் சொல்கிறார்.

ஆனால் என்னை அதிகம் தொட்டது அவர் திரும்பப் பாடாமல் விட்ட பாடல்கள்தான். ‘ஒட்டோமெட்டிக்’ பாடலுக்குப் புதிய மிக்ஸ் மட்டுமே. அந்த 15 வயதுக் குரல் அப்படியே இருக்கிறது. 26 பாடல்களையும் இன்றைய குரலில் பாடித் தந்திருந்தால் அது பழையதை அழித்து எழுதுவதுபோல ஆகியிருக்கும். மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

மூலப் பதிவுகளும் எங்கேயும் போய்விடவில்லை. விரும்பியவர் இரண்டையும் கேட்கலாம். நானும் இப்போது அப்படித்தான் கேட்கிறேன். அந்த எரிச்சல் பாடகர் மீது வந்ததல்ல என்பதும் புரிகிறது. அவருக்கு வயது போனதென்றால் கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் போயிருக்கிறது. அதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு மனமில்லாமல் இருந்தது.