தூரத்து மலைக்கு என்ன நிறம்?

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பார்ப்போம். பக்கத்துச் சரிவு நல்ல பச்சை. அடுத்த மலையில் பச்சை மங்குகிறது. அதற்கும் பின்னால் உள்ளது நீலச்சாம்பல். ஜவ்வாது மலையை எண்ணெய் வண்ணத்தில் தீட்ட நினைத்தால் முதலில் படிக்க வேண்டியது இந்த வரிசையைத்தான்.

தூரத்து மலை வெளிறித் தெரிகிறது, அதே பச்சையில் கொஞ்சம் வெள்ளை கலந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கலந்து பூசிப் பாருங்கள். மலை பின்னால் போகாது. வெளிறிய பச்சையாக முன்னாலேயே நிற்கும்.

ஏன்? நமக்கும் அந்த மலைக்கும் நடுவே பல கிலோமீட்டர் காற்று இருக்கிறது. வெயிலில் காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. அதிலும் நீலத்தை அதிகமாக. அந்த நீல ஒளி மலைக்கு முன்னால் படர்ந்து நிற்கிறது. கொசுவலை மேல் விளக்கு வெளிச்சம் விழும்போது உள்ளே இருக்கும் கறுப்புத் தலையணை சாம்பலாகத் தெரியும். வெள்ளை விரிப்போ அவ்வளவாக மாறாது. மலையிலும் அப்படித்தான், அதிகம் மாறுவது நிழல். கிட்டத்தில் கறுத்திருக்கும் ஓடைப்பள்ளம் தூரத்தில் நீலமாகிறது. வெயில் பட்ட பாறை தன் நீலத்தில் கொஞ்சத்தை வழியில் இழந்து, லேசான மஞ்சளோடு நம் கண்ணுக்கு வருகிறது.

ஆகவே ஒரே கலவையால் மலையை மூடிவிட வேண்டாம். நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் வெள்ளையும், துளி பர்ன்ட் சியன்னாவும். வெயில் பட்ட முகத்துக்கு வெள்ளையோடு சிறிது மஞ்சள் காவி.

மழை ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கி, அதே மலை கிட்டே வந்ததுபோல் தெரியும். கோடையில் தூசித் துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலச் சிதறடிப்பதால் நீலம் போய் வெண்சாம்பல் வந்துவிடும். இதே மலையில் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வானியலாளருக்கு இடைஞ்சலாகிற காற்றுதான் ஓவியருக்கு மூலப்பொருள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

1792-இல் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவர் சகோதரரின் மகன் வில்லியமும் இந்த மலைக்கு மேற்கே, பாராமகால் பகுதியில் ராயக்கோட்டை போன்ற குன்றுக்கோட்டைகளை வரைந்தார்கள். அந்தப் பயணத்தின் கோட்டோவியங்களை வைத்துக்கொண்டு தாமஸ் இங்கிலாந்தில் பல ஆண்டுகள் எண்ணெய் ஓவியங்கள் தீட்டினார். எண்ணெய் வண்ணத்தை மலைக்குத் தூக்கிப் போவது அன்று சுலபமில்லை. பன்றியின் சிறுநீர்ப்பையில்தான் அதைக் கட்டிவைத்தார்கள். 1841-இல் ஜான் ராண்ட் என்ற ஓவியர் தகர டியூபுக்குக் காப்புரிமை பெற்ற பிறகே அது பையில் அடங்கியது.

இன்றும் ஒரு சிரமம் மிச்சம். வண்ணத்தில் கலந்துள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெல்ல இறுகுகிறது. அந்த நிதானம் நமக்கு உதவியும்தான்: வானமும் மலையும் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த தூரிகையால் விளிம்பைத் தடவினால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரையும். ஆனால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள் பிடிக்கும். அதனால் மலையேறும்போது சிறு பலகைகளையும், அவை ஒன்றோடொன்று உரசாதபடி தடுப்பு வைத்த பெட்டியையும் கொண்டுபோங்கள். அங்கே நிறங்களை மட்டும் குறித்துக்கொண்டு, பெரிய படத்தை வீட்டில் தீட்டலாம். வண்ணத்தை அப்பியிருந்தால் வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும்.