வளர்ற பிள்ளைக்கு ஒரு கவுன்: ஒண்ணேகால் மீட்டர் துணி போதும்!

"அண்ணே, பிள்ளைக்கு ஒரு கவுன் தைக்கணும். வளர்ற பிள்ளை. கொஞ்சம் தாராளமா விட்டுத் தைங்க!"

மதுரை புதுமண்டபத்துக் கல்தூண்கள் பல்லாண்டு காலம் கேட்ட பேச்சு இது.

மீனாட்சி அம்மன் கோவில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17-ம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம் அது. பிற்காலத்தில் கடை மண்டபம் ஆனது. கற்சிலைகளின் காலடியில் தையல் மெஷின்கள் கடகடத்தன.

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் தாய்மார்கள் துணியைக் கொடுத்துவிட்டு அம்மனைக் கும்பிடப் போவார்கள். சின்ன உருப்படி என்றால் திரும்பி வரும்போது தயாராக இருக்கும்! சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுவோரின் உடையும் இங்கேதான் தைத்தார்கள். தைத்தவர்களில் முஸ்லிம் தையல்காரர்களும் உண்டு.

இடம் மாறியது

2018 பிப்ரவரி 2-ந் தேதி இரவு, கோவில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்தது. அதன் பிறகு பழைய மண்டபங்களில் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி பெரிதானது. பின்னர் புதுமண்டபக் கடைகளுக்குக் குன்னத்தூர் சத்திரத்தில் இடம் கொடுக்கப்பட்டது.

கடை மாறியது ஒரு பக்கம். சிறுமிகளின் கவுனுக்கு வேறு ஒரு கஷ்டமும் வந்தது. பெரியவர் சட்டையோ, குழந்தை சட்டையோ, கழுத்து, கை, ஓரம் என்று தைக்கிற வேலை ஏறக்குறைய ஒன்றுதான். துணி மட்டுமே குறைவு. அதனால் கூலியைக் குறைக்கத் தையல்காரருக்குக் கட்டாது. அந்தக் கூலிக்கு ரெடிமேடு கவுனே கிடைக்கும்போது தாய்க்கும் கட்டாது!

ஆனால் ரெடிமேடு கவுனில் உள்மடிப்பு அரை அங்குலம்தான் இருக்கும். பிரித்து விட இடம் இல்லை. அடுத்த வருஷம் அது முழங்காலுக்கு மேலே ஏறிவிடும். சம்பளக்காரர் வீட்டில் இது சின்னச் செலவு அல்ல.

வழி என்ன? வீட்டு மூலையில் உறை போட்டு மூடிக்கிடக்கும் மெஷினைத் திறப்பதுதான்!

காந்தி விட்டுவைத்த மெஷின்

1921 செப்டம்பர் 22-ந் தேதி இதே மதுரையில்தான் காந்தியடிகள் மேலாடையை விட்டு நாலு முழ வேட்டிக்கு மாறினார். இயந்திரங்களைக் கண்டித்த அவர், 1924-ல் ஒரு மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து இரக்கப்பட்டுச் செய்த மெஷின் என்பது அவர் சொன்ன காரணம்.

அளவு இதோ

ஐந்து வயதுச் சிறுமிக்குக் கணக்குச் சொல்கிறோம். மார்பு 22 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பிள்ளையை ஒருமுறை அளந்து கொள்ளுங்கள்.

துணி 36 அங்குல அகலத்தில் ஒண்ணேகால் மீட்டர். வெயில் ஊர் இது. பருத்திதான் நல்லது. விளக்குத்தூண், பத்துத்தூண் சந்துப் பக்கம் போனால் ஜவுளிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. வெட்டுவதற்கு முன்பு துணியைத் தண்ணீரில் நனைத்துக் காயப் போடுங்கள். சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்!

பாவாடைப் பகுதிக்கு 18 அங்குல நீளத்தில், முழு அகலத்துக்கு, இரண்டு துண்டு.

மேல் பகுதிக்கு 11 அங்குல நீளம், 15 அங்குல அகலத்தில் இரண்டு துண்டு. தோளும் கைக்குழியும் பிள்ளைக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டையை மேலே விரித்து, சாக்பீஸால் கோடு போட்டால் போதும். கோட்டுக்கு வெளியே தையலுக்கு இடம் விட்டு வெட்டுங்கள்.

கை வேண்டாம். கழுத்துக்கும் கைக்குழிக்கும் மீதித் துண்டில் குறுக்குப் பட்டி வெட்டி, ஒட்டுப் போட்டுத் தைக்கலாம்.

பாவாடைத் துண்டுகளின் மேல் ஓரத்தில் பெரிய தையலாக இரண்டு வரி ஓட்டுங்கள். அடி நூலைப் பிடித்து இழுத்தால் துணி தானாகச் சுருங்கும். 70 அங்குலச் சுற்று 26 அங்குலத்துக்கு வர வேண்டும். பிறகு மேல் பகுதியோடு சேர்த்துத் தைக்க வேண்டியதுதான்.

தலை நுழையுமா?

புதிதாகத் தைப்பவர்கள் ஏமாறும் இடம் கழுத்து. கவுன் அழகாக முடிந்திருக்கும். பிள்ளை போடப் போனால் தலை நுழையாது! ஐந்து வயதுப் பிள்ளையின் தலைச்சுற்று ஏறக்குறைய 20 அங்குலம். அதனால் முதுகுப் பக்கம் நாலு அங்குலம் திறப்பு விட்டு ஒரு பட்டன் வையுங்கள்.

மூன்று அங்குல ரகசியம்

கீழே மூன்று அங்குலம் மடித்து, கையால் தளர்வாகத் தையல் போடுங்கள். பக்கத்துத் தையலிலும் ஓர் அங்குலம் உள்ளே இருக்கட்டும்.

இந்த வயதில் பிள்ளைகள் வருஷத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் வளர்கிறார்கள். அடுத்த தீபாவளிக்கு மடிப்பைப் பிரித்தால் அதே கவுன் இன்னொரு வருஷம் ஓடும். நம் பாட்டிமார்கள் பட்டுப் பாவாடையில் டக்கு பிடித்து வைத்து, வருஷா வருஷம் பிரித்து விட்டதும் இதே கணக்குதான்!

புதுத் துணி வாங்க முடியவில்லையா? அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை இருக்கிறதே! வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நைந்த இடம் தெரியும். அதைத் தள்ளிவிட்டு நல்ல இடத்தில் வெட்டுங்கள். இதில் வெட்கம் எதற்கு? 1930-களின் பஞ்ச காலத்தில் அமெரிக்கத் தாய்மார்கள் கோதுமை மாவு வந்த பருத்திப் பையில் பெண் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்தார்கள். அதைப் பார்த்து மாவு ஆலைக்காரர்களே பைகளில் பூப்போட ஆரம்பித்தார்கள்!

பிழைக்கவும் வழி

சத்துணவு சாப்பிடும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் சீருடைகளைத் தைப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கப் பெண்கள். சொந்தப் பிள்ளைக்குக் கவுன் தைத்துக் கை பழகிய பெண்ணுக்கு, நாளைக்கு அந்தக் கையே சோறு போடலாம்.

கடைசியாக ஒன்று. கவுனில் ஒரு பாக்கெட் வைக்க மறக்காதீர்கள். ஐந்து அங்குலத் துண்டு போதும். வேறு நிறமாக இருந்தாலும் பரவாயில்லை. பையனின் டவுசரில் இரண்டு பாக்கெட் உண்டு. கடையில் வாங்கும் கவுனில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது.

மிட்டாய் வாங்கிய மீதிக் காசை அவள் எங்கே வைப்பாள்?